சூடும் உரசலும் சேர்ந்தால்

அக்கா குடை வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டாலே ஆள் பாதி தெரிந்துவிடும்.

ஐப்பசி மாதம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒருவர் தார்ப்பாய் விரித்துக் குடை விற்றுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கறுப்புக் குடையை எடுத்து விரித்தாள், மடக்கினாள், கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள்.

"நல்ல கம்பிம்மா. மழைக்கு அசையாது" என்றார் குடைக்காரர்.

"காத்துக்கு?"

"காத்துக்கும் அசையாது."

"மழையும் காத்தும் சேர்ந்து வந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் யாரோ போல வேறு பக்கம் பார்த்தேன். அக்கா கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடை முழுக்க ஊற்றினாள். சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு, வேலூர் பஸ் வேகமெடுத்துத் திரும்புகிற இடத்தில் போய் நின்றாள். பஸ் கடந்த வேகத்தில் குடை தலைகீழாகத் திரும்பி வானத்தைப் பார்த்தது. படியில் தொங்கிய கண்டக்டர் "சாவுகிராக்கி!" என்று கத்திவிட்டுப் போனார். அக்கா சிரித்துக்கொண்டே திரும்பி வந்து அடுத்த குடையை எடுத்தாள். அதுவும் போனது. மூன்றாவது தாங்கியது. உடைந்ததற்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, தாங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இந்தம்மாவக் கட்டிக்கப்போறவன் எவனோ" என்று குடைக்காரர் என் காதோரம் சொன்னார். அந்தக் கவலை அவருக்கு மட்டும் இல்லை. அக்காவின் வீட்டிலும் இருந்தது.

ஒரகடம் பக்கம் இயந்திர எண்ணெய் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். கூடப் பிறந்தவள் இல்லை, அங்கே பழகியதில் அக்கா. அக்கா வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. எண்ணெயைச் செய்வது அவள் வேலை, அதைத் தேய்த்துக் கெடுப்பது என் வேலை என்று லேபில் கிண்டலாகச் சொல்வார்கள். கெடுப்பதிலும் அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம் என்பது எனக்குத்தான் தெரியும். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், உயரத்தில் என் தோள்வரை. அவள் விரல்களில் எப்போதும் ஏதாவது ஒரு கரைப்பானின் வாசனை இருக்கும். நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டாள். மாதா கோயில் பெஞ்சைக்கூட ஆட்டிப் பார்ப்பாள் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.

காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி வேனில் போய் வருவோம். எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். நாங்கள் நயினார், அதாவது தமிழ்ச் சமணர்; பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் வீட்டில் கிடையாது. வேன் ஊர் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால் என் ராச்சாப்பாடு வாலாஜாபாத் தாண்டுவதற்குள் வேனிலேயே முடிந்துவிடும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து டப்பா மூடியைப் பிடித்துக்கொள்வாள்.

"உங்க சாமியாருங்கல்லாம் பசி தாங்குவாங்க இல்ல?"

"தாங்குவாங்க."

"வெயிலும் தாங்குவாங்க."

"தாங்குவாங்கக்கா."

"பசியும் வெயிலும் சேர்ந்து, பக்கத்துல ஒருத்தன் நொய் நொய்னு பேசிக்கினே இருந்தா?"

"அத இப்ப நான்தான் தாங்கிக்கினு இருக்கேன்" என்பேன். முன் சீட்டில் டிரைவர் சிரிப்பார்.

விளையாட்டுக்குக் கேட்டது மாதிரிதான் இருக்கும். ஆனால் அவள் எதைப் பற்றியும் கடைசியில் அந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து சேர்வாள். ஒரு பொருள் சூட்டைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்கும் என்று தனித்தனியாகச் சொன்னால் அவளுக்குப் போதாது. "தனித்தனியா எல்லாரும் நல்லவங்கதான்" என்பாள். "சேர்த்து வெச்சிப் பாரு, அப்பத் தெரியும்."

அவளைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்தார். ரயில்வே வேலை, அமைதியான முகம், காபியை எடுத்துக்கொள்ளும்போதுகூட நன்றி சொல்கிறவர். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தண்ணி லாரி ஓட்டுகிற அவள் அப்பா, முதல் தரமாக மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சத்தமாகச் சிரித்தார். அக்கா மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் பேச வேண்டும், வைகாசியில் கருட சேவை அன்றைக்கு ஊருக்கு வரச் சொல்லுங்கள் என்றாள்.

கருட சேவைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மேலே வெயில், நாலு பக்கமும் முதுகும் தோளும். அந்த நெரிசலுக்குள் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள். ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரின் கை இடிபட்டு மாப்பிள்ளையின் சட்டையில் மோர் கொட்டிவிட்டது. அவர் அந்தப் பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

"கருட சேவையில மோர் கொட்டினா எந்த ஆம்பளடி கோவப்படாம இருப்பான்?" என்று அவள் அம்மா என்னிடம் அழுதார். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் வேனில் அதை அக்காவிடமே சொன்னேன்.

"அதுவும் கரெக்ட்டுதான்" என்றாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் அந்த நாட்களில் செய்துகொண்டிருந்தது அயானிக் லிக்விட் என்கிற வகைத் திரவம். பெயர்தான் மிரட்டும். விஷயம் இதுதான்: அது ஒரு உப்பு. சமையல் உப்பை உருக்க வேண்டுமானால் உலைச் சூடு வேண்டும். இந்த உப்பில் இருக்கிற துகள்கள் கோணல்மாணலானவை. ஒன்றோடு ஒன்று ஒழுங்காக அடுக்கி உட்காரத் தெரியாதவை. அதனால் சாதாரண வெப்பத்திலேயே உருகி, தேன் மாதிரி கிடக்கும். ஆவியாகாது, வாசனை இல்லை, லேசில் தீப்பிடிக்காது. லேபில் எல்லாரும் அதை உப்புத்தண்ணி என்று கூப்பிட்டோம். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. "தண்ணின்னு சொல்லாதீங்கப்பா, அதுக்கும் தண்ணிக்கும் ஆவாது" என்பாள். அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவளுக்கே தெரியாது.

யாருக்காகச் செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல் போகிற வழியில் ஒரு துணி ஆலை இருந்தது. அங்கே ஸ்டென்டர் என்று ஒரு மெஷின். துவைத்த துணியை ஈரத்தோடு உள்ளே விட்டால், இரண்டு ஓரத்தையும் சங்கிலிகள் கவ்விப் பிடித்து இழுத்துக்கொண்டு, அடுப்பு மாதிரி கொதிக்கிற ஒரு நீளமான கூண்டு வழியாக ஓடும். மறுமுனையில் துணி காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டாக வேண்டும். சாதாரண எண்ணெய் அந்தச் சூட்டில் புகையாகப் போய்விடும். அந்த அறைக்குள் முதல் தரம் போனபோது எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. வேலை செய்கிறவர்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தார்கள். சூப்பர்வைசர் பாய், ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பவர், இருமலுக்கு நடுநடுவே பேசினார்.

"வூட்டுக்குப் போனாலும் இதே வாசனதாம்மா. என் பேத்தி கிட்ட வர மாட்டேங்குது."

திரும்பி வரும்போது அக்கா சொன்னாள்: "பொகையே வராத எண்ணெய் ஒண்ணு இவங்களுக்குச் செய்யணும்."

செய்தாள். வருஷக்கணக்கில் செய்தாள். எத்தனையோ கலவைகள் கெட்டியாகிப் போயின, கறுத்துப் போயின. கடைசியில் இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி தெளிவாக ஒன்று வந்தது. அதைச் சூட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டென்டர் சூட்டுக்கு மேலேயும் அசையவில்லை. பிறகு என் மெஷினுக்கு வந்தது. சைக்கிளில் பால்ரஸ் குண்டு பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி எஃகுக் குண்டுகளை ஒரு கிண்ணத்தில் எண்ணெய்க்குள் இறுக்கி வைத்து, மேலே இன்னொரு குண்டை அழுத்திச் சுழற்ற வேண்டும். எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க வேண்டும். அக்காவின் திரவத்தில் குண்டுகள் ஏறக்குறையத் தேயவே இல்லை. மேனேஜர் லேபுக்கு வந்து எல்லாருக்கும் கையால் ஜிலேபி கொடுத்தார். ஆலைக்கு ஒரு டிரம் அனுப்ப ஏற்பாடு நடந்தது.

அக்கா ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு என் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சூட்டுல வெச்சோம். தேய்ச்சும் பாத்தோம்" என்றாள். "சூடா இருக்கும்போது தேய்க்கலையே?"

"அதுக்கு மெஷின்ல வசதி இல்லக்கா."

"பண்ணலாம் இல்ல? கிண்ணத்தச் சுத்தி ஒரு ஹீட்டர் பட்டை போட்டா?"

நான் போட்டேன். அதற்கு மேல் அவள் நிறுத்தவில்லை. ஆலையில் துணி ஈரமாகத்தானே உள்ளே போகிறது, அறை முழுக்க நீராவிதானே, நம் லேபிலோ ஏசி போட்டு எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது என்றாள். மெஷினைச் சுற்றி பிளாஸ்டிக் திரை கட்டி, உள்ளே ஒரு தட்டில் ஈரத்துணியை வைத்தாள். பிறகு, எதற்கென்று சொல்லாமல், நுண்ணோக்கியில் வைக்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கிண்ணத்துக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டாள்.

சூடு மட்டும் வைத்து ஓட்டினோம். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உரசல் மட்டும் வைத்து ஓட்டினோம். அப்போதும் அப்படியே. சூடு, உரசல், ஈரம் மூன்றையும் சேர்த்து ஒரு முழுப் பகல் ஓட்டிவிட்டு, மெஷின் ஆறியபின் திரையை விலக்கினேன். கண்ணாடி பனி படிந்தது போல மங்கியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து உறை போட்ட கையோடு துடைத்தேன். போகவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை.

"வுடு. தொடாத" என்றாள் அக்கா. இடுக்கியால் அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியின் பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாக இருந்தது எனக்கே தெரிந்தது.

"கண்ணாடியத் தின்னுடுச்சிம்மா" என்றாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலில், ஆட்டிப் பார்க்காமல், உட்கார்ந்துவிட்டாள்.

என்ன நடந்தது என்று பிறகு எனக்கு விளங்க வைத்தாள். இரும்பின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய தோல் இருக்கும். உரசும்போது அந்தத் தோல் போய், அடியில் இருக்கிற பச்சை இரும்பு வெளியே வரும். அது யாரைக் கண்டாலும் சண்டைக்குப் போகிற இரும்பு. அதன் மேல் சூடும் சேர்ந்தால், அடுப்பில் தனியாக வைத்தபோது அசையாத திரவம், அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உடைந்துபோகிறது. அக்காவின் திரவத்தில் ஃபுளோரின் இருந்தது. உடைந்ததும் அது வெளியே வந்து, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. கண்ணாடியைத் தின்கிற அமிலம். தோலில் பட்டால் கொஞ்சமாக இருக்கும்போது முதலில் வலிகூடத் தெரியாது. உள்ளே இறங்கி எலும்புவரை போய்விட்டுத்தான் காட்டும்.

"அங்க சங்கிலிக்கு எண்ணெய வெறுங்கையாலதான் போடுறாங்க" என்றாள்.

டிரம் அதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இந்தத் திட்டத்துக்காக மேலிடத்தில் எத்தனையோ பேச்சுக் கேட்டவர். அக்கா கொண்டுபோன கண்ணாடித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு துண்டு கண்ணாடி மங்கிப்போச்சுன்னு டிரம்மத் திருப்பி எடுக்கச் சொல்றியாம்மா? இன்னும் நாலு தரம் ஓட்டிப் பாரு. திங்கட்கிழம உக்காந்து பேசுவோம்."

"சார், நாளைக்குக் காலைல அங்க டிரையல்."

"இது உன் புள்ளம்மா. நீயே இப்படிச் சொன்னா எப்படி?"

"என் புள்ளைங்கிறதாலதான் சார் சொல்றேன். வேற யாரோட புள்ளையா இருந்தா எனக்கு இவ்ளோ பயம் வராது."

அவர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆலை முதலாளி எடுக்கவில்லை. மறுநாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்றாள். நான் ஏறிக்கொண்டேன். வேகத்தடைகளையெல்லாம் பறந்து தாண்டினாள்.

நாங்கள் போனபோது ஹீட்டர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் பிரஷ்ஷும் கையுமாகச் சங்கிலியின் ஓரமாக நடந்து பூசிக்கொண்டே வந்தார். விரல்கள் இளமஞ்சளாக மின்னின.

"நிறுத்துங்க பாய்! ஆஃப் பண்ணுங்க!"

பாய் ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சி? உங்க எண்ணெதாம்மா போடுறோம்."

"அதான் வேணாம்றேன்."

"உங்க கம்பெனி எண்ணெய நீங்களே வேணான்றீங்களா?"

"சூட்டுல ஓட ஆரம்பிச்சா அது ஆசிட்டா மாறும் பாய். கையில பட்டா எலும்பத் தின்னும். மூச்சுல போனா நெஞ்சத் தின்னும்."

அறையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். முதலாளி வரட்டும், கேட்டுக்கொண்டு நிறுத்தலாம் என்றார் ஒருவர். ஒரு நாள் வேலை போய்விடுமே என்றார் இன்னொருவர். பாய் அக்காவையே பார்த்தார்.

"இத யாரும்மா செஞ்சது? நீங்களா, வேற யாருனாவா?"

"நான்தான் பாய். நான் ஒருத்திதான்."

"செஞ்ச கையே வேணான்னு சொல்லுது. அப்புறம் யார இன்னா கேக்கறது?" என்று சொல்லிக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அக்கா பிரஷ் பிடித்திருந்தவரின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் ஓடாத எண்ணெய், சூடும் ஏறாத எண்ணெய், அது அவரை ஒன்றும் செய்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சோப்புப் போட்டு, விரல் இடுக்குவரை, தானே கழுவினாள். அவர் கூச்சத்தில் "வுடும்மா, நானே கழுவிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அழுகிறாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மோசமானவை. திட்டத்தை ஓரங்கட்டினார்கள். அக்காவை லாரிகளிலிருந்து வருகிற பழைய எண்ணெய் சாம்பிள்களைச் சோதிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு மேசையில் ஒன்றிரண்டு பேர் அவள் வந்தால் எழுந்து போனார்கள். அந்தத் திட்டத்தை நம்பி இருந்தவர்கள் அவர்கள். அக்கா அதற்கு வருத்தப்பட்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்குள் எதுவோ கோணிக்கொண்டது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் வேனில், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி, தான் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். புனேயில் வேறு இடம் கிடைத்துவிட்டதாம். பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. மேனேஜர் ஒரு தரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க வேற எங்கனா பாக்கறாங்களா?" என்று கேட்டார், தெரியாது என்றேன். கொஞ்ச நாள் கழித்து அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "புனேவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ வெளிய சொல்றியான்னு பாத்தேன். பாஸ் பண்ணிட்டம்மா நீ."

நான் எழுந்து பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அங்கேதான் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். என் டப்பா மூடியை நானே மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பிறகொரு சாயங்காலம் அவளும் பின் சீட்டுக்கு வந்தாள். இருக்கையை ஆட்டிப் பார்க்கவில்லை.

"எண்ணெய உடைச்சிட்டா இன்னொரு கேன் செஞ்சிக்கலாம்" என்றாள். "உன்ன எங்க போயி செய்யறது? தப்புதாம்மா. எனக்கு அப்ப யார நம்பறதுன்னே தெரியல. அதுக்காக உன்ன உரசிப் பாத்திருக்கக் கூடாது."

நான் மூடியை அவளிடம் நீட்டினேன்.

அந்த வாரத்திலேயோ அடுத்த வாரத்திலேயோ, தேய்ந்த குண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் கேட்காமல், பழைய சோதனைகளின் குண்டுகளை எடுத்துப் பார்ப்பது அவள் வழக்கமாகியிருந்தது. உரசல் விழுந்த இடத்தில் மட்டும் நீலமும் பழுப்புமாக ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருந்தது.

"இது இன்னா தெரியுதா? உப்புத்தண்ணி உடைஞ்சி வுட்டுட்டுப் போனது. இந்தப் படலம்தான் குண்டத் தேயாம காப்பாத்தியிருக்குது." முதல் தரமாக அவளே அதை உப்புத்தண்ணி என்றாள். "நான் இத்தன வருஷமா உடையாத எண்ணெயத் தேடிக்கினு இருந்தேன். அப்படி ஒண்ணு இருந்தாலும் அது உதவாதும்மா. இது உடையறதாலதான் வேலையே செய்யுது. அது உடையட்டும். உடைஞ்சி இன்னாவா ஆவுது, அதான் கேள்வி."

மேனேஜரிடம் போய் அதையே சொன்னாள். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபுளோரினை எடுத்துவிட்டு, பாஸ்பேட் வைத்து இன்னொன்று செய்கிறேன், உடைந்தால் இரும்பின் மேல் படலமாக உட்காருமே தவிர கண்ணாடி தின்கிற அமிலமாக வெளியே வராது என்றாள். "முதல்லயே சூடு, உரசல், ஈரம் எல்லாம் சேர்த்து ஓட்டிடுறேன் சார். அப்புறம் ஜிலேபி வாங்குங்க." அவர் சிரித்துவிட்டார். மறுபடி பழைய மேசையைக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது திரவம் முதலாவது அளவுக்கு அழகாக இல்லை. பழுப்பு நிறம். முதலாவதைப் போல அவ்வளவு சூடும் தாங்காது. அடிக்கடி போட வேண்டும். ஆனால் என் மெஷினில் எத்தனை விதமாகக் கொடுமைப்படுத்தினாலும் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது.

இப்போது அக்கா இந்த ஊரில் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு லேபுக்குப் போய்விட்டாள். நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அவள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியார். முதல் சந்திப்பிலேயே இரண்டு பேருக்கும் சண்டையாம். ரோட்டில் வைத்துக் கத்திவிட்டாராம். "அப்புறம் எப்படிக்கா?" என்று மணமேடைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "சாயங்காலமே வீடு தேடி வந்தாரு. கத்தினதுக்கு அப்பா கிட்டயே மன்னிப்புக் கேட்டாரு" என்று மெல்லச் சொன்னாள். "கோவம் வந்துச்சா இல்லையான்னு பாக்கறத வுட்டுட்டேன்மா."

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கல்யாணக் கோலம் இல்லை. இரண்டாவது திரவத்தை ஆலையில் ஓட்டிப் பார்த்த நாள்.

காலையிலிருந்தே அவள் அங்கே நின்றாள். சங்கிலிக்கு முதல் பூச்சைத் தானே போட்டாள். சூடு ஏறியது, ஈரத்துணி உள்ளே போனது, மறுமுனையில் வெள்ளை வெளேரென்று வெளியே வந்து விழுந்தது. அக்கா ஒவ்வொரு மூலையிலும் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். புகை இல்லை. பாய் கூடவே நடந்தார். "இன்னும் எவ்ளோ நேரம்மா இப்படிச் சுத்துவீங்க? கால் வலிக்கலையா?" என்று கேட்டார். அவர் ஒரு தரமும் இருமவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மதியம் கழிந்தது. நான் ஆபரேட்டரிடம் சங்கிலியின் இழுவையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினால் அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். மெஷினின் மறுமுனையில், இப்போதுதான் வெளியே வந்த துணிக் குவியலின் மேல், ஒரு கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று நழுவிக் கீழே கிடந்தது. விசிறிகளும் சங்கிலியும் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. அதற்கு நடுவே வாய் லேசாகத் திறந்து தூங்கினாள். அந்தத் துணியை எடுத்து மடிக்க வந்த பெண் அவளை எழுப்பப் போனாள். பாய் கையைக் காட்டித் தடுத்தார்.

"அந்தக் குவியல அப்புறம் எடுத்துக்க. அடுத்தத மடி."

என் போன் அடித்தது. மேனேஜர். வெளியே வந்து எடுத்தேன்.

"அவங்க போன எடுக்கவே இல்லையே. என்னாம்மா ஆச்சி? ஏதாவது பிரச்சினையா? எப்படி ஓடுது?"

"சார், அக்கா தூங்கறாங்க."

"எங்க?"

"மெஷின் பக்கத்துலதான் சார். ஓடிக்கினு இருக்குது. அவங்க தூங்கறாங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"எழுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.